'சுகவேதனை' என்று ஒன்று உண்டா? வேதனை எந்த மொழிச் சொல்?

கமாயுட் செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் என் தம்பி மகன் பர்மியத் தோழர்களோடு தியான முகாமுக்குப் போய் வந்தான். அங்கே கற்றுக்கொடுப்பவர் சயாடோ, பௌத்த மூத்த துறவி. வந்த அன்றே என்னைப் பிடித்துக்கொண்டான். "அத்தை, சயாடோ 'சுக வேதனா'ன்னு சொன்னார். வேதனைன்னா வலிதானே? வலியில எப்படிச் சுகம் வரும்?" என்கிறான்.

நான் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். பர்மியப் பத்திரிகைகளில் நோயாளியை 'வேதனாஷின்' என்று எழுதுவதைத் தினமும் பார்க்கிறேன். அங்கே வேதனா என்றால் நோய், வலி. அதே பர்மியர் மடத்தில் போய் உட்கார்ந்தால் சுகமும் வேதனாவாகிவிடுகிறது. நம் வேதனையும் அவர்கள் வேதனாவும் ஒன்றுதானா? ஒன்று என்றால் யாரிடமிருந்து யாருக்குப் போனது? பையனுக்கு நம்பிச் சொல்லக்கூடிய பதில் வேண்டும்.

தட்டோன் வேலன்:
செல்வி அக்கா, வேதனை கலப்பில்லாத தமிழ்ச் சொல். வே என்பது வேர். வேகிறது, வெந்தது, வெப்பம், வெயில், வெம்மை எல்லாம் அந்த வேரின் பிள்ளைகள். உடம்பு வலிக்குச் சூடு காட்டுவதை 'வேது பிடிக்கிறது' என்று இன்றைக்கும் சொல்கிறோம். வேது என்றால் வெப்பம். உள்ளுக்குள் வேகிற நிலைதான் வேதனை. மனசு தாங்காதவர்கள் "வெந்து நொந்து போனேன்" என்று சொல்வதில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. சயாடோ சொல்வது பாளி, பௌத்த நூல்களின் மொழி. நம் சொல்லை அவர்கள் எடுத்துப் பொருளை மாற்றிக்கொண்டிருக்கலாம். பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

மோல்மீன் சயா:
வேலன் தம்பி, வேது நல்ல தமிழ்ச் சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேதிலிருந்து வேதனைக்கு வர வழி கிடையாது. தமிழ் வினை ஒன்றோடு 'அனை' சேர்ந்து இப்படிப் பெயராகும் இடம் ஒன்று காட்டுங்கள். வே என்ற வினைக்குத் தமிழ் தருகிற பெயர்கள் வேக்காடு, வேதல், வேவு. வெந்த நிலையைச் சொல்ல வெப்பு இருக்கிறது, வெதுப்பு இருக்கிறது. 'அனை' அந்த வரிசையில் எங்கும் இல்லை.

மறுபக்கம் பாருங்கள். சாதனை, சோதனை, போதனை, வாசனை, பாவனை, அர்ச்சனை, ஆராதனை. இவை எல்லாம் வடமொழியில் 'அனா' என்று முடிந்து, தமிழுக்கு வரும்போது 'அனை' ஆனவை. நன்னூல் இதற்கு விதியே சொல்கிறது: "ஆவீறு ஐயும்." ஆகாரத்தில் முடியும் வடசொல் தமிழில் ஐகாரத்தில் முடியும். மாலா மாலையானது போல வேதனா வேதனையானது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியும் அப்படித்தான் குறிக்கிறது.

இனிப் பொருள். அந்தச் சொல்லுக்கு வேர் 'வித்'. அறிதல் என்று பொருள். வேதம், வித்தை இரண்டும் அதே வேரில் பிறந்தவை. ஆகவே வேதனா என்பதன் முதற்பொருள் உணர்தல், உணரப்படுவது. பௌத்த நூல்கள் இதை மூன்றாகப் பிரிக்கின்றன: சுகம், துக்கம், இரண்டும் அல்லாதது. கால் மரத்துப்போவதும் வேதனா, காற்று மேலே படுவதும் வேதனா. சயாடோ சொன்னதில் பிழையே இல்லை.

வலி என்ற பொருள் எங்கே வந்தது என்றால், வடமொழியிலேயே வந்துவிட்டது. வைத்திய நூல்களில் நோவைக் குறிக்க இந்தச் சொல் வருகிறது. இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சிங்களத்திலும் துன்பப் பொருள்தான். பழைய நடுநிலைப் பொருளைத் தியானக்காரர்கள் மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பல் ஏறியது. தாத்தா வாயில் 'வேதனா', 'டௌக்கா' இரண்டும் ஓயாது. அவர் பர்மியச் சொல்லாகத்தான் சொல்வார். அதனால் எனக்கு ஒரு எண்ணம்: செட்டியார்களும் கூலிக்குப் போனவர்களும் பர்மாவிலிருந்து ஊருக்கு வந்து போனபோது இந்தச் சொல் தமிழுக்குள் நுழைந்திருக்கலாம் அல்லவா? கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1852. அதற்குப் பிறகு நூறு வருஷம் கப்பல் ஓயவில்லையே.

பெகு மருதன்:
அண்ணா, அது ஒத்துவராது. மலையாளத்தில் தலைவலிக்குச் சொல்வதே 'தலவேதன'தான். பல்வலி 'பல்லுவேதன'. வலிக்கு அவர்களுடைய அன்றாடச் சொல் அது. மலபார் கிராமத்தில் இருக்கும் பாட்டிக்கு ரங்கூன் கப்பலிலிருந்தா அந்தச் சொல் போனது? 1852-க்கு மிக முன்பே தெற்கே வேர் பிடித்த சொல் இது.

மோல்மீன் சயா:
மருதன் சொன்னது சரி. இந்த இடத்தில் ஒன்று சேர்க்கிறேன். நம் ஆட்கள் பர்மாவுக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பர்மாவின் பழைய தலைநகர் பாகானுக்குப் பக்கத்தில் மியின்கபாவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 13-ஆம் நூற்றாண்டு. கிரந்தத்தில் ஒரு வடமொழிச் செய்யுள், கீழே தமிழ் உரைநடை. மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கமான அரிவத்தனபுரத்து நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததாகச் சொல்கிறது. புக்கம் என்றால் பாகான். சொற்கள் இரு கரைக்கும் போய் வர எண்ணூறு வருஷமாக ஆள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் வேதனை அந்த வழியாகத் தமிழுக்கு வந்தது என்று காட்ட எதுவும் இல்லை. தமிழும் பர்மியமும் வேதனாவைத் தனித்தனியே வாங்கிக்கொண்டன. நாம் வடமொழியிலிருந்து, அவர்கள் பாளியிலிருந்து.

தட்டோன் வேலன்:
சயா, உங்கள் படிப்புக்கு முன்னால் நான் சின்னவன். ஆனாலும் கேட்கிறேன். இந்த ஊரில் நம் பிள்ளை தெருவில் நடந்தால், இந்தியன் என்று இளக்காரமாக, 'கலா' என்கிறார்கள். பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர் என்று இரண்டு பெயரோடு வளர்கிறான். அவனுக்கு என்று இருப்பது மொழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பாடத்துக்கு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து "இது வடமொழி, இது பாளி, இது உருது" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் அவன் கையில் என்ன மிஞ்சும்? துன்பத்தைச் சொல்லக்கூட எங்கள் தாத்தாக்களுக்குச் சொந்தச் சொல் இல்லாமல் இருந்ததா? கரும்புக் காட்டிலும் நெல் ஆலையிலும் கிடந்தவர்களுக்கா?

மோல்மீன் சயா:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு தம்பி. அதனால்தான் பொய்யான வேரைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்கிறேன். இங்கே வளர்கிற பிள்ளைக்குப் பாளி அந்நியம் இல்லை. காலையில் பள்ளியில் பாளிச் சுலோகம் சொல்லிவிட்டு வருகிறான். இன்றைக்கு 'வே'யிலிருந்து வேதனை வந்தது என்பீர்கள். நாளைக்கு அவன் ஒரு பாளி அகராதியைத் திறந்தால் போதும், நீங்கள் சொன்ன மற்ற நல்லதையும் நம்பமாட்டான்.

கடன் வாங்குவது இழிவு என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. தொல்காப்பியம் செய்யுளுக்கு உரிய சொற்களை எண்ணும்போதே "இயற்சொல் திரிசொல் திசைச்சொல் வடசொல்" என்று நான்கையும் சேர்த்து எண்ணுகிறது. வடசொல் எப்படி வர வேண்டும் என்றும் சொல்கிறது: "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே." எழுத்தை விட்டுவிட்டு வா, உள்ளே வரலாம் என்கிறது.

பெகு மருதன்:
வேலன் அண்ணன் கேட்ட கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. துன்பத்துக்குச் சொந்தச் சொல் இருந்ததா என்று கேட்டார். இருந்தது, இன்றும் இருக்கிறது, நம் வாயிலேயே இருக்கிறது. பாடு.

"நாய் படாத பாடு பட்டோம்" என்கிறோம். "அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்கிறோம். கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்தில் ஏசுவின் பாடுகள் என்று தியானிக்கிறார்கள். இந்தப் பாடு, 'படு' என்ற வினையிலிருந்து வந்தது. இப்போது படுவைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்குத் தானாக வலி என்ற பொருள் கிடையாது. வெயில் படுகிறது, கை படுகிறது, கண்ணில் படுகிறது. மேலே வந்து படுவதுதான் படு. அப்படிப் பட்டுத் தெரிந்துகொள்வது பட்டறிவு. ஆனால் பெயராகிப் 'பாடு' என்று தனியே நின்றதும் துன்பத்தின் பக்கம் போய்விட்டது.

வேதனாவுக்கும் இதேதான் நடந்தது. உணர்தல் என்ற பொதுப் பொருளில் பிறந்து வலியில் போய் நின்றது. இரண்டு மொழியிலும் சொல் வேறு, போன பாதை ஒன்று. மனிதனுக்கு இன்பம் வந்தால் அதற்குப் பெயர் வைக்க நேரம் இருப்பதில்லை, வலி வந்தால்தான் 'என்னமோ பண்ணுதே' என்று கவனிக்கிறான். அதனால் உணர்ச்சிக்கு வைத்த பெயர் வலிக்குப் போய்ச் சேர்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. வேதனை என்று சொல்லிவிட்டு அதை வினையாக்கப் பாருங்கள். வேதனைப்படுகிறான். கஷ்டம் வடமொழி, கஷ்டப்படுகிறான். அவஸ்தை வடமொழி, அவஸ்தைப்படுகிறான். துக்கப்படுகிறான், சிரமப்படுகிறான், சங்கடப்படுகிறான். எந்த ஊரிலிருந்து எந்தப் பெயர் வந்தாலும் தமிழில் அதை நடத்துவது படு. கழித்துக்கொண்டே போனால் என்ன மிஞ்சும் என்று கேட்டீர்களே அண்ணா, இது மிஞ்சும்.

கமாயுட் செல்வி:
மருதன் தம்பி, சந்தோஷப்படுகிறான் என்றும் சொல்கிறோமே? பெருமைப்படுகிறான், ஆசைப்படுகிறான்? அங்கே துன்பம் இல்லையே.

பெகு மருதன்:
அக்கா, உங்கள் மருமகனுக்கு வேண்டிய பதிலே அதுதான்! படு இன்றைக்கும் நடுவில் நிற்கிறது. சந்தோஷமும் படலாம், வேதனையும் படலாம். "அவன் பாடு கொண்டாட்டம், என் பாடு திண்டாட்டம்" என்கிறோமே, அங்கே பாடுகூட நடுவில்தான் நிற்கிறது. சயாடோவின் வேதனா நம் 'படுதல்' இருக்கிற இடத்தில் இருக்கிறது. சுகவேதனா என்றால் சுகப்படுதல். பையனுக்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும்.

கமாயுட் செல்வி:
இது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கிளினிக்குக்கு வரும் தமிழ்ப் பெரியவர்கள் யாரும் வேதனை என்று சொல்லி நான் கேட்டதில்லை. முழங்காலுக்கு 'கடுப்பு'. முதுகுக்கு 'பிடிப்பு'. நெஞ்சுக்கு 'அடைக்குது', 'குத்துது'. வயிற்றுக்கு 'பிசையுது', 'முறுக்குது', 'எரியுது'. கால் நரம்புக்கு 'சுண்டி இழுக்குது'. இரவில் தூக்கம் வராமல் கை கால் 'உளையுது'. டாக்டர் பர்மியர். நான் இதையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும். பலதுக்கும் 'நாடே', வலிக்கிறது, என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, அப்புறம் கையால் பிசைந்து, முறுக்கி, இழுத்துக் காட்டுகிறேன். கடுப்புக்கும் குத்தலுக்கும் மருந்து வேறு, அதனால் விட முடியாது. அந்தப் பெரியவர்கள் வேதனை என்று சொல்வது ஒரே இடத்தில்தான். பிள்ளைகள் பார்க்க வருவதில்லை என்று சொல்லும்போது.

மருமகன் சொன்னதும் ஞாபகம் வருகிறது. உட்கார்ந்து கால் வலித்தால் அசையாமல் மனத்துக்குள் "நாடே, நாடே" என்று குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மகாசி சயாடோ என்ற தியான ஆசிரியரின் முறையாம் அது.

தட்டோன் வேலன்:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது. குறுந்தொகையில் நாலாம் பாட்டு:

"நோமென் நெஞ்சே நோமென் நெஞ்சே
இமைதீய்ப் பன்ன கண்ணீர் தாங்கி
அமைதற் கமைந்தநங் காதலர்
அமைவில ராகுதல் நோமென் நெஞ்சே"

இமையைச் சுடும் கண்ணீரைத் தாங்கிக்கொண்டு, வலிக்கிறது என் நெஞ்சே, வலிக்கிறது என் நெஞ்சே என்கிறாள். சின்னப் பாட்டுக்குள் மூன்று தடவை. "நாடே, நாடே" இதுவேதானே! நோதல், நோவு, நோய் எல்லாம் நம் சொல். பர்மியர்கள் நோயாளியை 'லூநா' என்கிறார்கள். அந்த 'நா' நம் 'நோ'தான் என்று அடித்துச் சொல்வேன். வேதனை வடமொழியாகவே இருக்கட்டும், நோவை நாம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

மோல்மீன் சயா:
வேலன் தம்பி, குறுந்தொகையை இந்த இடத்தில் நினைத்தீர்களே, அதற்கு என் வணக்கம். அந்த ஒப்புமை உண்மை. வலியைத் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லி அழைக்கிறாள் அவள். தியானத்தில் இருப்பவனும் அப்படியே செய்கிறான்.

சொல்லின் உறவு மட்டும் இல்லை. பர்மியம் திபெத்திய மொழிகளின் இனம். திபெத்தியத்திலும் நோயுறுவதற்கு 'ந' என்றுதான் சொல்கிறார்கள். பனிமலைக்கு அப்பால் இருக்கும் உறவுக்காரனிடமும் அதே சொல் இருப்பதால், அது அவர்கள் குடும்பச் சொத்து. நகர எழுத்து ஒன்று ஒத்துப்போனதை வைத்து உரிமை கொண்டாட முடியாது. நம் சொல்லைப் பிறர் எடுத்தார் என்று சொல்லும்போதும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஆனால் நோய் என்ற சொல்லைப் பற்றி நீங்கள் தொட்டது பெரிய விஷயம். இன்றைக்கு நோய் என்றால் காய்ச்சல், சர்க்கரை. குறளில் அப்படி அல்ல. "உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை" என்பதில் நோய் துன்பம். "நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்" என்பதிலும் துன்பம். துன்பம் என்று பிறந்து உடற்பிணியில் போய் நின்றது. பர்மியத்தில் வேதனா உணர்வில் பிறந்து, வலியாகி, வேதனாஷின் என்று பிணியாளனிடம் வந்து நிற்கிறதல்லவா? செல்வி கேட்ட மருத்துவமனைப் பொருள் இப்படி வந்ததுதான்.

மருதன் சொன்ன படுவுக்கு அப்பர் சாட்சி. சூலை நோயில் துடித்துப் பாடிய அதிகைப் பதிகத்தில், "அடியார் படுவது இதுவே யாகில் அன்பே அமையும்" என்கிறார். உம்மை நம்பினவர்கள் படுவது இதுதான் என்றால் உம் அன்பு போதும் என்று இறைவனிடமே சொல்கிறார். 'படுவது' என்கிறார். வேறு எந்தப் பெயரும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

இனி வேதனாவைப் பௌத்தப் பொருளில் தமிழில் எப்படிச் சொல்வது? புதிதாகத் தேட வேண்டாம், மணிமேகலை சொல்லிவிட்டது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளை எண்ணும்போது "பேதைமை செய்கை உணர்வே அருவுரு வாயில் ஊறே நுகர்வே வேட்கை" என்று வருகிறது. அந்த வரிசையில் வேதனாவின் இடத்தில் நிற்பது நுகர்வு. மனிதனை ஆக்கும் ஐந்து கூறுகளான ஐங்கந்தங்களைச் சொல்லும்போது நுகர்ச்சி. நுகர்தல் என்றால் உண்ணுதல், முகர்தல், அனுபவித்தல். 'துய்த்தல்' என்ற சொல்லுக்கும் உண்பதும் அனுபவிப்பதும் ஒன்றே.

பர்மியர்கள் இதே வேதனாவுக்கு என்ன பொருள் சொல்கிறார்கள் தெரியுமா? 'கான்ஸா'. கான் என்றால் ஏற்பது, தாங்குவது. சா என்றால் சாப்பிடுவது. 'தமின் சா' என்று தினமும் கேட்கிறோமே, அந்தச் சா. புகாரிலும் காஞ்சியிலும் இருந்த தமிழ்ப் பௌத்தர்களும் ஐராவதிக் கரைப் பௌத்தர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே உருவகத்துக்கு வந்திருக்கிறார்கள். இன்பமோ துன்பமோ, தட்டில் விழுந்ததை உண்டாக வேண்டும்.

பெகு மருதன்:
சயா, கான்ஸா எனக்குப் புதிது. மிக்க நன்றி. 'வேதனா கான்ஸா' என்று பர்மியர் சேர்த்துச் சொல்கிறார்கள், நாம் 'வேதனைப்படு' என்கிறோம். வாங்கின பெயருக்கு இரண்டு பேரும் வீட்டு வினையைச் சேர்த்திருக்கிறோம்.

ஆனால் நுகர்ச்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. இன்றைய தமிழில் நுகர்வோர் என்றால் கடையில் சாமான் வாங்குகிறவர். சுகவேதனாவை இன்ப நுகர்வு என்று எழுதினால் பையன் கடைத்தெரு என்று நினைப்பான். இன்ப உணர்ச்சி, துன்ப உணர்ச்சி என்றால் என்ன குறை?

மோல்மீன் சயா:
குறை இருக்கிறது. அதே மணிமேகலை வரியில் 'உணர்வு' வேறொன்றுக்குப் போய்விட்டது. பாளியில் விஞ்ஞாணம், அதாவது அறியும் மனம், என்பதன் இடம் அது. உணர்வு முன்னே வருகிறது, நுகர்வு பின்னே வருகிறது. இரண்டையும் உணர்ச்சி என்று போட்டுக் குழப்பினால், சார்புகளின் வரிசையே புரியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப் புலவர் இரண்டையும் பிரித்து வைத்தார். கடைக்காரர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் விட்டுக்கொடுப்பதா?

பெகு மருதன்:
படித்துப் பாளி ஆராய்கிறவருக்கு நுகர்ச்சி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உணர்ச்சி. அவன் பரீட்சை எழுதப் போவதில்லை சயா, அவன் நண்பர்கள் செய்வது என்ன என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். இதில் நான் மாற மாட்டேன்.

மோல்மீன் சயா:
நானும் மாற மாட்டேன். பிள்ளைகளுக்குச் சொல்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
நான் ஆரம்பத்தில் 'டௌக்கா' என்று ஒரு சொல் எழுதினேன், அதை யாரும் எடுக்கவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? பர்மியத்தில் அது எத்தனை சாதாரணமான சொல் என்று இந்தியாவில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. பஸ் வரவில்லை என்றாலும் டௌக்கா. ஒருத்தரைத் தொந்தரவு செய்தால் அவருக்கு 'டௌக்கா கொடுத்தேன்'. புத்தர் சொன்ன முதல் உண்மையை அவர்கள் தெருவில் வைத்து உபயோகிக்கிறார்கள்.

அதே சொல்லில்தான் 'டௌக்கதே'யும் இருக்கிறது. வீடு வாசல் இழந்து ஓடி வந்தவர். துக்கத்தை உடையவர் என்று அர்த்தம். 2025 மார்ச்சில் மண்டலேயிலும் சகாயிங்கிலும் நிலநடுக்கம் வந்தபோது, தெருவில் படுத்திருந்தவர்களைப் பர்மியச் செய்திகளில் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள்.

எங்கள் குடும்பம் வந்து இறங்கியபோது அரசாங்கத் தாள்களில் எங்களுக்கு எழுதிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அக்கம்பக்கத்தார் சொன்னது 'பர்மா அகதிகள்'. அகதி என்றால் கதி இல்லாதவர். 64 மார்ச்சில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். தாத்தா கையில் இருந்தது அந்த நோட்டுதான். கப்பலில் ஏறும்போது பாட்டியின் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். அப்படி வந்தவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றால் ஏதோ விடுமுறைக்குப் போய் வந்தது போல இருக்கிறது. எனக்கு டௌக்கதே என்ற சொல்தான் நியாயமாகத் தோன்றுகிறது. அது இவனிடம் என்ன இல்லை என்று எண்ணவில்லை, இவன் எதைச் சுமந்து வந்திருக்கிறான் என்று பார்க்கிறது.

தட்டோன் வேலன்:
அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அம்மாவிடம் பேசினேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பாதி 42-இல் நடந்து போனது. 41 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் கிளம்பியவர்கள். எல்லையில் இருக்கும் தாமு வழியாக மணிப்பூருக்கு. மழை பிடித்துக்கொண்டது, வழியெல்லாம் காலரா, மலேரியா. போய்ச் சேர்ந்தவர்கள் பிற்பாடு திரும்பி வந்து சொன்னதை அம்மா கேட்டிருக்கிறார். அவர்கள் என்ன சொல் சொன்னார்கள் என்று கேட்டேன். வேதனை என்றோ துக்கம் என்றோ ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். "காட்டுல பட்டது", "தாமுல பட்டது", "ஆத்தங்கரையில பட்டது" என்று இடத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்களாம். என்ன பட்டோம் என்று சொல்வதில்லை.

மருதன் எழுதியது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பாடத்தில் படு, பாடு, பட்டறிவு மூன்றையும் வைக்கிறேன். வேதனைப்படு, சந்தோஷப்படு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுகிறேன். வேதனைக்கு வடசொல் என்று குறிப்பும் போடுகிறேன், சயாவுக்காக இல்லை, பிள்ளைகளுக்காக. 'வேது பிடித்தல்' தனியாக ஒரு வரியில் வரும். அதை யாரும் மறக்கக் கூடாது.

சயா, ஒரு உதவி. படு சேர்ந்து வரும் சொற்கள் இன்னும் வேண்டும். லோல்படு, அல்லல்படு, சீர்கெட்டு அலைவதற்குச் சொல்லும் சீப்படு, இவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. மோல்மீன் பக்கம் பெரியவர்கள் வேறு ஏதாவது சொன்னால் இங்கே போடுங்கள்.

மோல்மீன் சயா:
இடர்ப்படு, இடிபடு, மிதிபடு, அடிபடு, அறுபடு. ரப்பர்த் தோட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் 'கண்டபாடு படு' என்பார். செல்வியின் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் கேட்டால் இன்னும் கிடைக்கும்.

கமாயுட் செல்வி:
திங்கட்கிழமை கேட்டு எழுதுகிறேன் சயா. ஒரு பாட்டி 'அரைபடுறேன்' என்பார், மருமகளைப் பற்றிப் பேசும்போது. அதை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.